கமலாத்தாளின் இரண்டு வண்டிகள்

1

இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்தது. கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்கள் ஒருத்தியைக் கேலி செய்தார்கள்: "ரெண்டு வண்டிக்காரி, கொஞ்சம் நவுந்து உக்காரு!" காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டது பாதி, மீதி என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: 'கார்களின் பெருக்கம் சமூக ஏற்றத்தாழ்வை எவ்வாறு...' (எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.)

2

கமலாத்தாளுக்கு வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பொள்ளாச்சியில் தேங்காய்க் களத்தில் வேலை. போக வர பஸ்தான், அதுவும் வீட்டு முன்னாலேயே நிற்கும். அந்தப் பக்கத்தில் பஸ்ஸுக்கும் வண்டி என்றுதான் பெயர்.

வீட்டுக்கு வீடு கார் கணக்கெடுக்க வந்த டின்சி கோட்டயத்துக்காரி, நல்ல பெண். கார் இல்லாத தெருக்கள் வழியாகப் பஸ்ஸைத் திருப்பிவிடுவது அவளுடைய அலுவலகத்தின் திட்டம். அதுவும் நல்ல திட்டம்தான்.

"சேச்சி, இவிடெ வண்டியுண்டோ?"

"இருக்குதுங்க அம்மிணி. காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு."

"ரெண்டெண்ணமோ!" டின்சி அப்படியே குறித்துக்கொண்டாள்.

[ஓட்டு வீட்டைப் பார்த்துமா புரியவில்லை என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் இப்போது எந்த வாசலில்தான் தவணைக் கார் நிற்கவில்லை? டின்சியை விட்டுவிடலாம்.]

அடுத்து தோப்புக்காரர் பூபதிராஜா. கொட்டகையில் இரண்டு கார். வரி போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "வண்டியெல்லாம் நமக்கு ஏதுங்க?" என்று கையை விரித்தார்.

3

அடுத்த மாதம் முதல் பஸ் பூபதிராஜா தோப்பு வழியாகப் போகும் என்று உத்தரவு வந்தது. கமலாத்தாள் தோப்பு வரைக்குமான தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நடந்து போய்ப் பஸ் பிடித்தால் நேரமாகிவிடும். களத்தில் பிந்தி வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்டே விட்டாள்.

"சேச்சிக்கு ரெண்டு வண்டியுண்டல்லோ?" என்றாள் டின்சி.

"எனக்கா? அட, அது நீங்க உடற பஸ்ஸுங்க அம்மிணி!"

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. கூசிப்போன கமலாத்தாளும் சேர்ந்து சிரித்தாள். பூபதிராஜா மட்டும் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

"ஞான் திருத்தாம் சேச்சி," என்றாள் முகம் சிவந்த டின்சி. எழுதியும் அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை.

4

முடிவு ஒன்று: பூபதிராஜா மனம் மாறி, தினமும் அவளைத் தன் காரில் கொண்டுபோய் விடுகிறார். (அடித்துவிட்டேன். அவர் எழுந்திருப்பதற்குள் களத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.)

முடிவு இரண்டு: கமலாத்தாள் கடனை உடனை வாங்கி ஒரு...

இந்த வரியில் அவளே என்னைத் தடுத்தாள். "காரு எதுக்குங்க? தனியா உக்காந்துட்டு யாருகூடப் பேசறது? எழுதற ஆளுதானுங்களே நீங்க, என்ற ஊட்டு முன்னால பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரெண்டு வரி எழுதிப் போடுங்க."

எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் கதைக்காரன் எழுதினால் மேலிடத்தில் யார் படிப்பார்கள்? நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 'கமலாத்தாள் வீட்டு முன்னால்' என்பதைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். வெறுமனே 'பஸ்ஸை நிறுத்தவும்' என்று எழுதினால், அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.