கைப்பட்டையில் ஏறிய காலடிகள்

நூறு நாள் முடிந்த சனிக்கிழமை காலை, வார்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பும்போது ஹென்றி மாஸ்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை தெரிந்துவிடும். குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் டயானா முன்பே சொல்லியிருந்தார். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து, உடைந்த முழங்கை, கிழிந்த முழங்கால் எல்லாவற்றையும் அசராமல் பார்த்தவர். ஆனால் ஊசி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“வயித்துல ஏதாவது போட்டீங்களா?” என்று கேட்டாள் அவர் மனைவி ஆனி.

“ஊசி வயித்துலதான் போடுவாங்களாம். அத நெனச்சா எதுவும் இறங்கல.”

ஆனி சிரிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு.

“மூணு மாசத்துல ரெண்டாவது ஜோடி. நீ செருப்பப் போட்டுக்கறியா, சாப்பிடறியா?”

“வாங்க, நேரமாச்சு” என்று அவள் முன்னால் நடந்தாள்.

எல்லாம் ஒரு மஞ்சள் தொப்பியில் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் சாந்தோமில் அவர்கள் தெருவுக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. பின்னாலேயே நர்ஸ் மேகலா வீடு வீடாக ஏறி இறங்கினாள். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் ‘நூறு நாள் நடை.’ ஆளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. நடந்தால் அது காலடியை எண்ணும். வாரம் ஒருமுறை நிலையத்தில் காட்டினால் குறித்துக்கொள்வார்கள்.

“தினமும் பத்தாயிரம் காலடி சார். உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. எங்க அண்ணன் உங்க ஸ்டூடண்ட்தான். இன்னும் உங்க விசில் சத்தம் கனவுல வருதாம்” என்றாள் மேகலா.

அங்கேதான் சிக்கல். அந்தப் பகுதியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் விசிலுக்கு ஓடிய ஒருவன் இருந்தான். ரிட்டயர் ஆன மூன்று வருடத்தில் மாஸ்டருக்கு வயிறு முன்னால் வந்திருந்தது. தெருமுனை போவதற்குள் மூச்சு வாங்கியது. இருந்தும் தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள், ஓரமாக நின்று இளைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. தல்ஹா. எட்டாம் வகுப்பில் தினமும் தாமதமாக வந்து, தினமும் மைதானத்தைச் சுற்றியவன்.

“இன்னா மாஸ்டர், எத்தினி ரவுண்டு? லேட்டா வந்தியா?”

பிரியமாகத்தான் கேட்டான். அவருக்கு அது பிரியமாகக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பித் தொப்பியைப் பழைய பேப்பருக்கு அடியில் செருகினார். பட்டையை மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கிடக்கிற இழுப்பறையில் போட்டார்.

“வாரா வாரம் காட்டணும்னு மேகலா சொல்லிட்டுப் போச்சே?”

“நீயே போய்க் காட்டு. மாஸ்டர் சைபர்னு சொல்லிடு.”

அதன் பிறகு அந்தப் பேச்சையே ஆனி எடுக்காததில் அவருக்கு நிம்மதி. விடியற்காலை ஐந்து மணிக்கே அவள் பூசைக்குக் கிளம்பிவிடுவாள். ஏழரைக்கு மேல்தான் திரும்புவாள். ஒருநாள் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, “உக்காந்து ஜெபமாலை சொல்லிட்டு வந்தேன்” என்றாள். அவளுக்கு முட்டிவலி உண்டு. நிதானமாக நடந்து வருகிறாள் போலும் என்று அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நிலையத்தில் நுழைந்ததும் மேகலா கை தட்டினாள். பெஞ்சில் காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாஸ்டர் வந்துட்டார்! ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் காலடி! நம்ம வார்டுலயே ஃபர்ஸ்ட்!”

ஹென்றி தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஆனி சுவரில் ஒட்டியிருந்த உப்பு, எண்ணெய் பற்றிய போஸ்டரை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள்போல எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேகலா அவர் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தாள். அவர் பெயர் அச்சாகியிருந்தது. அதற்குள் டாக்டர் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

டாக்டர் டயானாவின் முகத்தில் மேகலாவின் சந்தோஷம் இல்லை.

“எனக்கே கஷ்டமா இருக்கு சார். போன தடவை எட்டு புள்ளி ஆறு. இப்ப ஒன்பது புள்ளி ஒண்ணு. இவ்வளவு நடந்தும் ஏறியிருக்குன்னா மாத்திரை போதலைன்னுதான் அர்த்தம். இன்சுலின் ஆரம்பிச்சுடலாம்.” பேனாவைத் திறந்து சீட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

ஹென்றி ஆனியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. கையில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். அந்தச் செருப்பு, அந்த ஏழரை மணி, அந்த ஜெபமாலை எல்லாம் ஒரே நொடியில் அவருக்குப் புரிந்தது.

“டாக்டர், எழுதாதீங்க. நான் நடக்கல. மொத்தமா மூணு நாள் நடந்தேன், அவ்வளவுதான்.”

“அப்போ இந்த ஒன்பது லட்சம்?”

“நான் நடந்தேன் டாக்டர்” என்றாள் ஆனி. “அவருக்காக.”

டாக்டர் பேனாவை மூடினார். “அவருக்காகன்னா?”

“இவரு பட்டைய நான் கட்டிக்கிட்டு, தெனம் எங்க வீட்லேர்ந்து பெசன்ட் நகர் மாதா கோயில் வரைக்கும். வாரா வாரம் நான்தான் கொண்டாந்து காட்டினேன். அடையார் பாலத்து வழியா. போறப்ப நடை, வர்றப்ப பஸ்ஸு. நேர்ச்சை மாதிரி. ஏமாத்தணும்னு இல்ல டாக்டர், சத்தியமா. யார் நடந்தா என்ன, வீட்டுக்கு ஒருத்தர் நடந்தா போதாதா?”

“ஆன்ட்டி, சர்க்கரை அவர் ரத்தத்துல இருக்கு. நீங்க நடந்தா எப்படிக் குறையும்?”

“ஏன் குறையாது?” ஆனிக்குக் குரல் ஏறிவிட்டது. “எங்க பொண்ணு ஷெரில் பொறந்தப்போ எனக்கு ரத்தம் நிக்கல. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. இவருதான் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு, விடிஞ்சதும் செருப்பில்லாம அதே கோயிலுக்கு நடந்து போனாரு. திரும்பி வர்றதுக்குள்ள நான் கண்ணு முழிச்சுட்டேன். அன்னைக்கு அவரு நடந்து நான் பொழச்சேன்ல? இப்ப நான் நடந்தா அவருக்கு ஏன் ஆவாது?”

ஹென்றி அந்த நடையை மறந்தே போயிருந்தார். திரும்பி வரும்போது தார் ரோடு சுட்டது மட்டும்தான் லேசாக நினைவிருந்தது. முப்பத்திரண்டு வருடமாக ஒருத்தி அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

“எங்க அம்மாவும் இப்படித்தான், என் பரீட்சைக்கு அவங்க உபவாசம் இருப்பாங்க” என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைக் கெட்டியாக்கினார். “ஆனா ஆன்ட்டி, இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா தப்பான கணக்க வெச்சு ஊசி எழுதியிருப்பேன். இனிமே இப்படிச் செய்யாதீங்க. சார், மாத்திரை அப்படியே போகட்டும். இன்னொரு நூறு நாள் தரேன். நடுவுல மாசம் ஒரு தடவை வந்து பாருங்க. உங்க கால்ல, உங்க கையில கட்டிக்கிட்டு நடக்கணும்.” திடீரென்று ஏதோ தோன்றியவர்போல, “ஆன்ட்டி, கைய நீட்டுங்க. உங்க பிரஷரப் பாப்போம்” என்றார்.

பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பழைய ஏட்டைப் புரட்டினார். “போன வருஷம் நூத்தி ஐம்பத்தெட்டு. இப்ப நூத்தி இருபத்தாறு. முட்டி எப்படி இருக்கு?”

ஆனி யோசித்தாள். “வலிய ரொம்ப நாளா காணோம்.” சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கா கேட்டேன்? இவருக்கு இல்ல கேட்டேன்!”

வெளியே வந்ததும் ஹென்றி மேகலாவிடம் பேனா வாங்கினார். சான்றிதழில் தன் பெயரை ஒரே கோடாக அடித்து, வருகைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய சாய்ந்த கையெழுத்தில் ‘ஆனி’ என்று மேலே எழுதினார்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது அவர் மஞ்சள் தொப்பியோடு வாசலில் நின்றிருந்தார். பட்டினப்பாக்கம் பஸ் நிறுத்தம் வரைதான் முடிந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். “மீதிக்கு நான் போயிட்டு வரவா?” என்று ஆனி கேட்டாள். “மீதியும் என்னோடது. நாளைக்கு நடப்பேன்” என்றார். இரவில் சோறு ஒரு கரண்டி குறைந்தது. டீயில் சர்க்கரை நின்றது. நாற்பதாவது நாள் அடையார் பாலத்தில் ஏறினார். ஆற்றுக்கு மேலே வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி நின்று மூச்சு வாங்கும்போது, பழைய சத்தத்தோடு ஆட்டோ வந்து நின்றது.

“மாஸ்டர்! ஏறு, வுட்டுட்டுப் போறேன்.”

“வேணாம்டா. நாலு ரவுண்டு பாக்கி இருக்கு.”

தல்ஹா ஆனியைப் பார்த்தான். “அக்கா, நீங்க தெனம் தனியா இந்தப் பாலத்துல போய்க்கினு இருந்தீங்க. நானும் எத்தினியோ வாட்டி கூப்ட்டேன், ஏறவே மாட்டேன்னீங்க. இன்னிக்குத்தான் தொணை கீது.” ஹாரனை ஒருமுறை விசில்போல அடித்துவிட்டுப் போனான்.

ஹென்றி ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டுகிற பையனுக்குத் தெரிந்தது, பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியவில்லை. “தேங்க்ஸ் ஆனி” என்றார்.

“என்ன புதுசா? வெளி மனுஷி மாதிரி” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஆனால் பாலம் இறங்கும்வரை அவர் கையை விடவில்லை.

இரண்டாவது நூறு நாள் முடிவில் சீட்டில் ஏழு புள்ளி மூன்று என்று இருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டார். ஊசி இப்போதைக்கு இல்லை. மேகலா இந்த முறை பெஞ்சில் இருந்த எல்லோரையும் கை தட்ட வைத்தாள்.

ஆனி வீட்டுப் பக்கம் திரும்பினாள். ஹென்றி அவளை தி. நகர் பஸ்ஸில் ஏற்றினார். உஸ்மான் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். செருப்புக் கடைக்குள் போய், பெண்களுக்கான நடை ஷூ எடுக்கச் சொன்னார்.

“புடவைக்கு ஷூவா? பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள நாலு ஜோடி செருப்பு தேஞ்சிருக்கு. உக்காரு.”

கடைக்காரர் குனிவதற்குள் ஹென்றியே தரையில் மண்டியிட்டார். விளையாட்டு விழாவுக்கு முன் பையன்களுக்கு ஒவ்வொருவராகப் பார்ப்பாரே, அதேபோல ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலுக்கு முன்னால் இடம் போதவில்லை. ஒரு அளவு பெரியது கேட்டார். நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினார்.

“எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்று ஆனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“பாக்கட்டும்” என்றார் ஹென்றி மாஸ்டர். அடுத்த காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.