வடக்கு எழுதாத நோட்டீஸ்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உலைமேட்டின் வரலாற்றைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 'பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே இரும்பு உருக்கிய' — அதற்கு மேல் பேனா ஓடவில்லை. என்னிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று: பாதியில் நின்றுபோன ஒரு நகராட்சி நோட்டீஸ். கட்டுரைக்கு அது போதாது. கதைக்கு அதுவே அதிகம்.

2

வருஷம் 1967. காஞ்சிபுரம் வளர்ந்து வளர்ந்து உலைமேட்டையும் விழுங்கியது. உலைகள் என்றைக்கோ அணைந்து, அந்த ஜனங்கள் தறிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது இரும்புக் கசடு. அதன் மேல் அங்கம்மாளின் வீடு, சுவரும் கசடுதான்.* புதுச் சாலை வர அந்த வீட்டை இடிக்கவேண்டும். நோட்டீஸ் எழுத வந்தவர் சர்வேயர் வீரபாகு.

(* இதை நான் பார்த்ததில்லை. சுவர் கசடாக இல்லாவிட்டால் கதை நடக்காது.)

நோட்டீஸில் சக்குபந்தி, அதாவது நான்கு எல்லையும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது. வீரபாகு காம்பஸை வைத்தார். இரும்புக் கசடு இழுக்க, முள் அங்கம்மாளின் அடுப்பங்கரையைக் காட்டியது. எதிர்ப்பக்கம் போய் வைத்தார். அப்போதும் அடுப்பங்கரைதான்.

"இன்னாம்மா, வடக்க உள்ள வச்சிக்கினு இருக்கியா?"

"உள்ள பட்டுநூலுதான்பா இருக்குது. வந்து பாரு."

3

அங்கம்மாளைத் தந்திரக்காரியாக்கலாமா என்று பார்த்தேன். 'அவள் மர்மமாகச் சிரித்தபடி' — அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்று நாளாக ஒரு மனுஷன் வெயிலில் தன் வீட்டையே சுற்றி வருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. மோர் கொடுத்தாள்.

"சூரியனப் பாத்து எழுதிக்கினு போயேம்பா."

"சூரியன் ஆபீஸ் சாமான் இல்லம்மா."

"எழுதாங்காட்டி?"

"என் வேல பூடும்."

"எழுதினா?"

"உன் வூடு பூடும்."

அங்கம்மாள் யோசித்தாள். "நான் சொல்றேன், எழுதிக்கோ."

எனக்குப் பகீரென்றது. கதை எழுதுகிறவன் நான் இருக்க, இவள் ஏன் முந்திக்கொள்கிறாள்?

4

இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் வேலை போகிறது, இன்னொன்றில் வீடு. (மூன்றாவதில் நகராட்சி மனம் இரங்குகிறது. நீங்களே நம்பமாட்டீர்கள்.)

அவள் சொல்லச் சொல்ல வீரபாகு எழுதினார். கிழக்கே தர்மன் வீடு. மேற்கே பொதுக் கிணறு. தெற்கே புளியமரம். பேனா அடுத்த வரிக்கு வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

நோட்டீஸ் அங்கேயே நிற்கிறது. அவள் சொல்லவில்லையா, அவர் எழுதவில்லையா, தெரியாது. எனக்கு ஒரு யூகம் உண்டு. எழுதமாட்டேன். எழுதினால் நோட்டீஸ் செல்லுபடியாகிவிடும்.

இத்தனை வருஷம் கழித்து யார் வந்து இடிக்கப்போகிறார்கள் என்கிறீர்களா? நகராட்சிக் காகிதத்துக்குச் சாவு கிடையாது. உள்ளே அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். மீதி ஒரே ஒரு வரி, அதை உங்களிடம் தருகிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பேனாவை மூடி வையுங்கள்.

வடக்கே