மூன்றாகப் பிரித்த புத்தகம்

குளிர்காலம் வந்தால் போதும், புத்தகப் பிரியர்களின் சுகங்களைப் பற்றி வார இதழ்கள் எழுதத் தொடங்கிவிடும். ஜன்னலோர நாற்காலி, கம்பளி, ஆவி பறக்கும் கோப்பை, மடியில் ஒரு பூனை. எழுதுகிறவர்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வருமோ, எனக்குத் தெரியாது. எங்கள் தகரக் கூரை வீட்டில் நான்கு பக்கமும் வரும். எங்களிடமிருந்த பூனைகூட பேக்கரிக்குக் குடிபோய்விட்டது.

எனக்கு இருந்த சுகம் இரண்டே. ஒன்று, நூலகத்தின் வாசிப்பு அறை. அங்கே ஹீட்டர் உண்டு. வேலை தேடி அலைந்துவிட்டுப் பிற்பகலில் போய் உட்கார்ந்தால் மூடும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். இன்னொன்று, அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துவரும் புத்தகம். இரண்டுக்கும் என் உறுப்பினர் கார்டு வேண்டும். கார்டு இல்லையென்றால் காவலாளி அந்த அறை வாசலைத் தாண்ட விடமாட்டார்.

அந்த வாரம் எடுத்து வந்தது எண்ணூறு பக்க நாவல். கெட்டி அட்டை, செங்கல் கனம். போர்வைக்குள் படுத்துப் படித்தாலும் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை கையை உள்ளே இழுத்துச் சூடேற்றிக்கொள்வேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்பாவுக்குப் பழைய காகிதக் கிடங்கில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. வருகிற புத்தகத்தை முதுகோடு மடக்கி ஒரே இழுப்பில் அட்டையை உரிப்பார். அட்டை ஒரு குவியல், தாள் ஒரு குவியல். இருபத்தாறு வருடமாக அவர் கைக்குப் புத்தகம் என்றால் அதுதான்.

மறுநாள் காலையிலேயே ஒரு நேர்காணலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது என் படுக்கையில் மூன்று மெல்லிய கட்டுகள் இருந்தன. நாவலை மூன்றாகப் பிரித்து, சாக்குத் தைக்கும் ஊசியால் ஒவ்வொன்றையும் ஓரம் தைத்திருந்தார். தையல் கோடு போட்டாற்போல நேராக இருந்தது.

"இனிமே ஒரு கை போதும்மா. இன்னொண்ணு போர்வைக்குள்ளயே இருக்கட்டும்." அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அட்டை எங்கப்பா?"

"கிடங்குல போட்டேன். மத்தியானமே லாரி ஏறிடுச்சே."

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரே பிரசவத்துல மூணா? நல்லா மருத்துவம் பார்த்திருக்கீங்க!"

நான் சிரிக்கவில்லை. "ஐயோ, இது நூலகத்துதுப்பா! குப்பைக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளெல்லாம்..." என்று கத்தி, பாதியில் நிறுத்தினேன். மிச்சம் என்னவென்று அவருக்குத் தெரியாதா? இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"உன்னுதுன்னுல்ல நினைச்சேன்," என்றார்.

புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. படிக்காதவரிடம் புத்தகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற திமிர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்துக்கு இதுவரை கிடைத்த வேலை, பெற்றவரைக் குத்திக் காட்டுவதுதான்.

மறுநாள் நூலகத்துக்குக் கிளம்பினேன். அரைநாள் லீவு போட்டுவிட்டு, கூப்பிடாமலே அப்பாவும் கூட வந்தார்.

நூலகர் அம்மா மூன்று கட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்கு வருடமாக என்னைத் தெரியும். சிரித்து நான் பார்த்ததில்லை.

"விதி தெரியும்ல? தெரியாம கிழிஞ்சிருந்தா எச்சரிக்கையோட விட்டுடலாம். வேணும்னு பிரிச்சிருந்தா ஒரு வருஷத்துக்கு கார்டு ரத்து." குரலைத் தாழ்த்தினார். "வீட்ல சின்னப் பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

வழிவிடுகிறார் என்று புரிந்தது. ஆமாம் என்றால் ஹீட்டரும் புத்தகமும் என் பக்கம்.

அப்பா முந்திக்கொண்டார். "ஆமாம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளை. சரியான வாலு. கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காது." சொல்லும்போதே தன் கைகளைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை.

"இல்ல மேடம். எங்கப்பா பிரிச்சாரு. படிக்கறப்ப எனக்குக் கை விறைக்குதுன்னு, அளந்து பிரிச்சாரு. தையலைப் பாருங்க, சின்னப் பிள்ளை தைச்ச மாதிரியா இருக்கு?"

"யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சாச்சு."

நூலகர் அம்மா கையை நீட்டி என் கார்டை வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"அப்பா பிரிச்சுத் தைச்சதுன்னே எழுதுங்க," என்றேன்.

"அவ்வளவுக்கெல்லாம் இதுல இடமில்ல." 'சேதம்' என்று எழுதி மூடினார். மூன்று கட்டுகளையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தார். தூக்கிப் போடவில்லை, வைத்தார்.

வெளியே வந்ததும் அப்பா வெடித்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்? இனி எங்க போய் உக்காருவே?"

"தெரியலப்பா."

"தெரியலயாம்! படிச்சவ பேசற பேச்சா இது?"

பிறந்ததிலிருந்து அவர் என்னைக் கோபித்தது அன்றுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நேத்து நான் சொன்னது..."

"அது கிடக்கு விடு, நேத்தோட போச்சு. இது ஒரு வருஷம்டி!"

கைகளை வீசி வீசி, என்னைத் திட்டியபடியே முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். எதிர்க்காற்று ஊசியாய்க் குத்தியது. குளிர்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.