ஒரு நாள் துணி

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு சின்னப் பிழை செய்தேன். "ரெண்டு துண்டு கொண்டு வரச் சொல்லு" என்றுதான் நான் வேலை பார்க்கும் வீட்டு புரோக்கர் அண்ணன் என்னிடம் சொன்னார். வீடு பார்க்க வருகிறவர்களிடம் நான் போனில், "ஒரு நாள் துணி கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். சின்னது என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வீடு மூன்றாம் மாடியில். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக்குள் வாஷிங் மெஷின், அதன் தலைமேல் டிரையர். முன்பு குடியிருந்தவர்கள் கண்டபடி திணித்து மெஷினைக் கெடுத்துவிட்டார்களாம். அதனால் புதிதாக வருகிறவர்கள் தன் கண்முன் ஒருமுறை துவைத்துக் காட்ட வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் கட்டளை.

வந்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"நாங்க ரெண்டு பேருதாம்மா" என்றார் டிரைவர்.

மனைவி பையைத் தானே பிரித்து, உடம்பால் மறைத்துக்கொண்டே துணியைப் போட்டாள். மெஷின் கதவு கண்ணாடி என்பதை அப்போதுதான் கவனித்திருப்பாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் அதை ஒட்டியே நின்றாள்.

"நீ என்ன மெஷினுக்குக் காவலா? தள்ளும்மா" என்று வீட்டுக்காரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்தார்.

கண்ணாடியில் முதலில் டிரைவரின் சட்டை வந்தது. பிறகு ஒரு ரப்பர் விரிப்பு. பிறகு அகலமான பழைய டிராயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. டிரைவர் ஒல்லி.

"இது யாருது? இதுக்குள்ள உன்னை மாதிரி ரெண்டு பேரு போகலாமே."

"பழைய துணிம்மா. பஸ் துடைக்க."

"ரப்பர் ஷீட்டும் பஸ்ஸுக்கா? பஸ் தூக்கத்துல நனைக்குதோ?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன்.

மனைவிதான் உண்மையைச் சொன்னாள். "மாமாவோடதும்மா. என் மாமனார். ராத்திரியில அவருக்கே தெரியாம போயிடுது. இப்ப இருக்கற வீட்ல மொட்டைமாடிக் கொடிதான். மழைன்னா காயாது. அக்கம்பக்கத்துல மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க. அதுக்காகத்தான் இந்த வீட்டையே பாத்தோம். இங்க காய்ஞ்சிடும் இல்லையா?"

"துணி காயும். என் மரத்தரை காயுமா? எனக்கு வீட்ல ஈரமே ஆகாது."

கமிஷன் கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் அண்ணன், "ஆமாங்க, அம்மாகிட்ட ஈரம்ங்கறதே கிடையாது" என்று ஒத்து ஊதினார். அவர் தரையைத்தான் சொன்னார்.

பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் துணி டிரையருக்குள் உருண்டுகொண்டிருந்ததால் யாராலும் கிளம்ப முடியவில்லை. அது நிற்கும்வரை எல்லாரும் அங்கேயே காத்திருந்தோம். அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

"அப்பாவை முதியோர் ஹோம்ல சேத்துடறோம்மா."

"என்னங்க பேசறீங்க? அவருக்காகத்தானே..."

"நீ சும்மா இரு. இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்கறது?"

"சேத்துட்டு, சேத்ததுக்குச் சீட்டு வாங்கிட்டு வா. சாவி தரேன்" என்றார் வீட்டுக்காரம்மா. மனைவி துணியை மடிக்காமல் பைக்குள் அடைத்தாள்.

கீழே, எதிர்ப்புற பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு. இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். மேலே வரவேண்டாம் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வீடு எப்படிம்மா?"

மருமகள் தெருவைப் பார்த்தாள். மகன்தான் சொன்னார்: "முடிஞ்சிடுச்சுப்பா."

பெரியவர் பையை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "அட, சூடுகூட ஆறலையே! இனிமே இவ துணி காயப்போட மொட்டைமாடிக்கு நடையா நடக்க வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் வீடு பாத்துக் கொடுத்த பொண்ணா? நல்லா இருப்பே, தாயி."

"பரவால்லைங்க" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று மாலை வகுப்பு முழுக்க யோசித்தேன். கொடுத்த கணக்குகளில் பாதி தப்பு. துண்டு என்று சரியாகச் சொல்லியிருந்தால் பெரியவர் அந்த வீட்டுக்குள் போயிருப்பார், கொஞ்ச நாளில் தெரிந்து வெளியேற்றியிருப்பார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். அதுவும் நிச்சயமில்லை.

வகுப்புக்குக் கிளம்பும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "அவங்களை விட்டா மனசு மாறி இழுத்தடிப்பாங்க. இல்லத்தையும் நாமளே பாத்துக் குடுத்துடுவோம். நீ பேசிடு."

நாளை காலை: முதியோர் இல்லங்களுக்குப் போன் செய்ய வேண்டும். படுக்கையை நனைக்கும் ஆண்களைச் சேர்த்துக்கொள்வார்களா, ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டில் காலியாகுமா என்று கேட்க வேண்டும்.