மடுவத்தில் நாலு கோடு

பேனரின் ஒரு முனையைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை லயத்து வீட்டு வரிசையின் தூணுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் அழகுமுத்து. கீழே நின்ற காளியாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது யாருடா தம்பி?"

"என்னாக்கா இப்படிக் கேக்குற? நம்ம கிருஷாந்திதான். கீழ பேரு போட்டிருக்குல்ல."

"எழுத்து தெரிஞ்சா நான் ஏன் கொழுந்தெடுக்கப் போறேன்? மூஞ்சிய சொல்றேன். டிவியில சோப்பு விக்கிற புள்ள மாதிரில்ல இருக்கு."

"வாட்ஸ்அப்புல வச்சிருந்த போட்டோக்கா. அதத்தான் வட்டவளை டவுன்ல குடுத்து அடிச்சேன்."

வாசலில் நின்ற நிரஞ்சனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. காளியாயி சொன்னது சரிதான். படத்தில் இருந்தவளுக்கு ரோஜா நிறக் கன்னம். கண்கள் பெரியவை. மோவாயில் தழும்பு இல்லை. ஏழு வயதில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் விழுந்து வாங்கிய தழும்பு அது. உள்ளே பெட்டியில் கிடந்தவளுக்கு அது இருந்தது. அவள் அவனுடைய மனைவி. நேற்று விடியற்காலை இறந்தாள். வயது இருபத்தெட்டு.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவன் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் பாடசாலையின் குழுவில் நாற்பத்தேழு பேர் ஒரே ரோஜாப்பூவை அனுப்பியிருந்தார்கள். அதற்கு மேலே முந்தாநாள் அவனே போட்ட தவணைப் பரீட்சை நேரசூசி. அதற்கும் யாரோ இன்று ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கிருஷாந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாவுக்கு சொல்லாதீங்க."

அவளுடைய அம்மா அழகம்மை குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடிய அப்போது ஒன்றரை வருடம் இருந்தது.

"நடுவுல விடமாட்டாங்க. வர முடியாம அங்க குசினிக்குள்ள நின்னு அழும். அத வேற நான் பாக்கணுமா? ஒங்களுக்குத்தான் கம்பியூட்டர் தெரியுமே, ஏதாவது செய்யுங்க."

செய்தான். மருந்து ஏறி அவள் கன்னம் ஒட்டத் தொடங்கிய மாதம், வீடியோ அழைப்பில் முகத்தை மெருகேற்றும் ஃபில்டரைப் போட்டுக் கொடுத்தான். கன்னம் திரும்பி வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போனது. அவள் திரையைப் பார்த்து, "கல்யாணத்தன்னைக்கு கூட நான் இப்படி இல்லைங்க" என்று சிரித்தாள். அப்படியே ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தாள்.

லயத்தில் சிக்னல் ஒரு கோடு. மேல் ரோட்டில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாலு கோடு. வெள்ளிக்கிழமை தோறும் அவளை ஆட்டோவில் அங்கே கூட்டிப்போனான். பிறகு ஆட்டோவிலிருந்து பெஞ்சு வரைக்கும் தூக்கிப்போனான். அவள் தராசுக் கொக்கியைப் பார்த்து, "என்னையும் தொங்கவிடுங்க, ஒரு கூடைக்கு தேறுறேனான்னு பாப்போம்" என்பாள். போன் அடித்ததும் குரல் மாறும். கோழிக்கறி சாப்பிட்டதாகச் சொல்வாள். கடைசி இரண்டு வெள்ளியும் எழும்ப முடியவில்லை. சிக்னல் இல்லை என்று குரலை மட்டும் பதிந்து கொடுத்தாள். அவன் மடுவத்துக்கு ஏறிப்போய் அனுப்பிவிட்டு வந்தான்.

நேற்று மூச்சு நின்றதும் அவன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். கால் மணி நேரம் இருக்கும். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. இனி யாரும் முனக மாட்டார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அழகம்மையிடம் போனில் சொன்னபோதும் பொய்தான் வந்தது. "திடீர்னு காய்ச்சல், அத்தை."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மூட முன்ன மூஞ்சிய காட்டுங்க மாப்புள" என்றாள். "நாளைக்கு ஒன்றரை மணிக்கு எனக்கு போன் தருவாங்க."

அங்கே ஒன்றரை என்றால் இங்கே நாலு மணி. அந்த முகத்தைப் பார்த்தால் அது காய்ச்சலில் போன முகம் இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மூன்றரைக்குத் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். நிரஞ்சன் மாயாண்டிப் பெரியப்பாவைத் தனியே கூப்பிட்டான்.

"பெரியப்பா, மேல் ரோட்டால போவோம். மடுவத்துல இறக்குவோம்."

பாதி வழியில் பெட்டியை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பி எடுப்பது தோட்டத்து முறை. எப்போதும் பாலத்தடியில்தான் நடக்கும். பெண்கள் அதுவரைதான் வருவார்கள்.

"பாலம் இருக்கையில மடுவம் எதுக்கு?"

"அங்கதான் சிக்னல்."

"சாவு ஊட்டுல என்னாடா சிக்னலு?"

"அவ அம்மா பாக்கணும், பெரியப்பா."

மாயாண்டி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு கொழுந்து கொட்டுற எடம்டா அது. தோட்டத்துத் தொரை கேட்டா நான் என்னா சொல்றது?"

காளியாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு குறுக்கே வந்தாள். "கொட்டுறது யாரு? நாங்கதான? கூடை சொமக்கிறவளுக்கு இல்லாத தீட்டு ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு? பெத்தவ பாக்கட்டும். தண்ணி ஊத்திக் கழுவ எங்களுக்குத் தெரியும்."

மாயாண்டி தப்புக்காரர்களுக்கு மேல் பக்கமாகக் கையைக் காட்டினார்.

மடுவத்தில் பனி இறங்கியிருந்தது. பெட்டியைத் தராசுக்குக் கீழே, அவள் உட்காரும் பெஞ்சின் பக்கத்தில் இறக்கினார்கள். மாயாண்டி கையை உயர்த்தியதும் தப்பு நின்றது. நிரஞ்சன் கிருஷாந்தியின் போனிலேயே அழைத்தான். இரண்டாவது மணியில் அழகம்மை எடுத்தாள். தலையில் வெள்ளைத் துணி. பின்னால் பளிங்குச் சுவர். அவன் கேமராவைத் திருப்பினான்.

பெட்டிக்குள் இருந்த முகத்தை முதலில் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒட்டிக்கிடந்த கன்னங்கள் உப்பின. ரோஜா நிறம் ஏறியது. தழும்பு அழிந்தது.

ஃபில்டரை எடுக்க அவன் மறந்திருந்தான்.

விரல் திரையின் மூலையில் போய் நின்றது. எடுத்தால் எட்டு மாதப் பொய்யும் வெளியே வரும். விட்டால், பெற்றவள் கடைசியாகப் பார்ப்பது சோப்பு விற்கிற பெண்ணைத்தான்.

"மாப்புள."

"அத்தை."

"அந்தப் பவுடர எடுத்துருங்க."

அவன் அமுக்கினான். நிறம் போனது. எலும்பும் தோலுமாய், மஞ்சள் பூசிய முகம். மோவாயில் தழும்பு.

அழகம்மை முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். மடுவத்துத் தகரத்தில் பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்தா இருக்கு" என்றாள். "மாசக்கணக்கா இதக் காணோம். வெறகு பொறுக்குற அவசரத்துல நான் கைய விட்டு, அவ விழுந்து வந்த தழும்பு மாப்புள. எனக்குத் தெரியாதா?"

"அத்தை... நீங்க கேக்கவே இல்லயே."

"மறைக்கணும்னு அவ ஆசப்பட்டா. பாக்காத மாதிரி நான் இருந்துட்டேன். சிரிச்சாளே." தலைத் துணியின் நுனியால் திரையைத் துடைத்தாள். "காய்ச்சல் இல்லல்ல?"

"இல்ல அத்தை. வயித்துல கட்டி."

"வலி இருந்துச்சா?"

அவனுக்குப் பொய் சொல்லும் தெம்பு இல்லை. "இருந்துச்சு. ரொம்ப."

"இப்ப இல்லல்ல?"

"இல்ல அத்தை."

அழகம்மை மூச்சை விட்டாள். அது அவனுக்குக் காதோடு கேட்டது. தானும் அதே போல ஒரு மூச்சு விட்டதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தான்.

"தனியா கெடந்து சொமந்துட்டீங்க" என்றாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "நான் வைக்கிறேன் மாப்புள. தூக்கச் சொல்லுங்க."

திரை இருண்டது. நாலு கோடும் அப்படியே நின்றன.

"திருப்புவமாடா?" என்றார் மாயாண்டி, மெதுவாக.

திருப்பினார்கள். பெண்கள் மடுவத்தோடு நின்றுகொண்டார்கள்.

அடக்கம் முடித்து, பீலித் தண்ணீரில் குளித்து, ஈர வேட்டியோடு லயத்துக்கு வந்தபோது மணி ஐந்தரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"சேர், தெரியாம செஞ்சிட்டேன். பேனர அவுத்துரவா? வேற போட்டோ குடுங்க, நாளைக்கே அடிச்சிரலாம்."

"வேணாம். இருக்கட்டும்."

நிரஞ்சன் உள்ளே போய், பாடசாலைப் பையைத் துழாவிக் கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து வந்தான். கதிரையைப் போட்டு ஏறினான். செல்ஃபியில் பக்கம் மாறித் தெரியும் என்பது அவனே வகுப்பில் சொல்வதுதான். ஒரு கணம் தயங்கினான். பிறகு பெட்டியில் பார்த்தபடியே, மோவாயின் இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு இறங்கினான்.

காளியாயி பிளேன்டீ கோப்பையோடு வந்து நின்றாள். பேனரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். இஞ்சி போட்டிருந்தது. அவன் முழுவதையும் குடித்தான்.