ஆயிரம் வோல்ட் என்று நான் சொன்ன பிளேயர்

எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின் பொறியியல். அக்கா வீடு வீடாகப் போய் வயரிங் வேலை பார்த்துப் படிக்க வைத்தாள். தெருவில் அவளைக் கரண்டக்கா என்பார்கள். எனக்கு அவள் வைத்த பெயர் இஞ்சினியரு.

அவளுடைய பழைய கட்டிங் பிளேயரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைப்பிடி உறை கிழிந்து, கறுப்பு டேப் சுற்றி, அதன் மேலும் சுற்றி, பார்க்கச் சகிக்காது. என் தோழிகள் வந்த அன்று அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மறுநாளே அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சிவப்பு உறை போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிடித்தால் மெத்தென்று இருந்தது.

"கைப்பிடில ஆயிரம் வோல்ட்டுன்னு போட்டிருக்கா பாரு. பக்கத்துல ரெட்டை முக்கோணம் இருக்கணும். அது இருந்தாத்தான் உறை கரண்டு தாங்கும். கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன்."

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போட்டிருக்கு, போட்டிருக்கு. வா."

"இஞ்சினியரே சொல்லியாச்சு, அப்பீல் ஏது?" என்று சிரித்தாள். பழையதை அன்றே குப்பையில் போட்டேன்.

ஐந்தாம் நாள், ஒரு வீட்டில் சுவிட்ச் மாற்றப் போனாள். டிவி நின்றுவிடும், மெயினை அணைக்காதே என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாள். அக்கா மர ஸ்டூலில் ஏறி, கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க வழக்கம்போல் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் புது பிளேயரால் கம்பியைப் பிடித்திருக்கிறாள். முழங்கை இரும்பு ஜன்னலில் பட்டிருக்கிறது. கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது.

மெயினை அணைக்காதது தப்புதான். அது அவள் தப்பு. ஆனால் ஒரு கையை மட்டும் நம்பி வேலை செய்பவள், அந்தக் கையில் இருப்பதை நம்பித்தானே செய்வாள்?

கேட்டவர்களிடமெல்லாம் "ஸ்டூல் ஆடிருச்சு" என்றாள். கையில் மாவுக்கட்டு.

அன்று மாலைதான் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணும் இல்லை, முக்கோணமும் இல்லை. மெத்தென்று பிடிப்பதற்கு மாட்டிய வெறும் பிளாஸ்டிக். நாலு வருஷம் மின்காப்பைப் பற்றிப் பரீட்சை எழுதியவள் நான். தூ.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் இடது கையால் தோசைக்கரண்டி பிடித்துத் தடுமாறியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அக்கா, அந்த பிளேயர்ல ஆயிரம் வோல்ட் போடல."

"என்னது?"

"நான் பாக்கவே இல்லக்கா. பாக்காமத்தான் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் கத்தலாம். மெயினை ஏன் அணைக்கல என்ற கேள்வியை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"கடை மூடுறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். "என்ன கரண்டக்கா, இப்பத்தானே ஒண்ணு வாங்கிட்டுப் போன?"

"அது ஆணி புடுங்க, அண்ணே. இது கரண்டுக்கு."

இந்த முறை நானே தேடி எடுத்தேன். கெட்டியான உறை, விரல் வழுக்காமல் தாடைப் பக்கம் ஒரு மேடு. அக்காவிடம் நீட்டினேன்.

"வாசி."

"ஆயிரம் வோல்ட். பக்கத்துல ரெட்டை முக்கோணம்." ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினேன்.

தலையாட்டினாள். பிறகு இடது கையால் பையைத் துழாவி, கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தாள்.

ஒற்றைக் கையால் அதைத் திறக்க வரவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.