பொம்மைக்குக் குரக்களி பிடிக்காது

ஆனையூரில் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தின் பெண்கள் வகுப்பில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு ரப்பர் பொம்மையும் கிடந்தன. ஆள் உயரப் பொம்மை. மொட்டைத் தலை. இடுப்பில் யாரோ மரியாதைக்கு ஒரு துண்டைச் சுற்றிவிட்டிருந்தார்கள்.

“இதுலதாம்மா ஒனக்குப் பிராக்டிகல்” என்றார் பொறுப்பாளர் கார்த்திகேஷ். “வெளிநாட்டுச் சரக்கு. தசை எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருப்பான்.”

விளையாடுகிறவர்களுக்கு மசாஜ் செய்யும் தொழிலைப் படிப்பதற்காக எழுமலையிலிருந்து அண்ணனின் பைக்கில் வந்திருந்தாள் தமிழ்வாணி. அவள் விசாரித்தவரை மதுரையில் இரண்டு இடங்கள். ஒன்று இது, இன்னொன்று தல்லாகுளத்தில். ‘பெண்களுக்குத் தனி வகுப்பு’ என்று பலகையில் போட்டிருந்ததால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சோணைமுத்து பிடிவாதமாக நின்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் ஒருவர் காலை ஒருவர் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். “டேய் மாப்ள, மெதுவாடா, அது காலு, பம்பு இல்ல” என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்புச் சத்தம் எழுந்தது.

“பசங்களுக்கு ஆளு, எங்களுக்குப் பொம்மையா சார்?”

“சர்டிபிகேட் ஒண்ணுதாம்மா. அதுல ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“பொம்மைக்குக் கெண்டைக்கால்ல குரக்களி பிடிக்குமா?”

அவர் சிரித்தார். தமிழ்வாணி சிரிக்கவில்லை.

சோழவந்தான் கபடிப் போட்டி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ரெய்டு போன பவதாரிணி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மசாஜ் செய்கிறவர் ஓடி வந்தார். ஆம்பளை தொடக் கூடாது என்று பவதாரிணியின் அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். குரக்களிதான், தசை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் ஆளாளுக்குத் தைலம் போட்டுத் தேய்த்தார்கள். தசை கிழிந்திருந்தது. கிழிந்ததைத் தேய்க்கக் கூடாது என்று அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை. பொங்கல்வரை நொண்டினாள் பவதாரிணி. இன்றுவரை ஆடவில்லை. அந்த அணியில் தமிழ்வாணியும் இருந்தாள், கையைப் பிசைந்துகொண்டு.

“பிடிச்சிருக்கா, கிழிஞ்சிருக்கான்னு கை வச்சாத்தான சார் தெரியும். பொம்ம சொல்லுமா?”

“லேடீஸுக்குப் பாதுகாப்பு வேணும்ல.”

“அப்பப் பொம்பளப் பிள்ளைகள வச்சே பழகுறோம். எங்க டீமே வரும்.”

“யாரு வீட்டுல பிள்ளைய மேசையில படுக்க அனுப்புவாக? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நான் கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.” அவருக்கும் சூடு ஏறிவிட்டது. “எங்கிட்டக் கோவப்படுறியே, நானாவா இத ஆரம்பிச்சேன்? வீட்டுல உள்ளவுக கேக்குறாக. ஒங்க அண்ணனே போன்ல என்ன கேட்டாரு? எந்தங்கச்சி யாரையும் தொடாமப் படிக்க முடியுமான்னுதான கேட்டாரு?”

பக்கத்தில் நின்ற சோணைமுத்து பொம்மையின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்வாணி விறுவிறுவென்று படியிறங்கினாள். பைக் அருகே வந்ததும் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“யாரையும் தொடாம மசாஜ் படிக்கணும். நல்லா இருக்குண்ணே. தண்ணியில எறங்காம நீச்சப் படிக்கவும் எங்கயாச்சும் கேட்டுச் சொல்லு.”

“கத்தாத பாப்பா. ரோடு இது.”

“கபடியில எம்புட்டுப் பேரக் கட்டிப் பிடிச்சு உருண்டிருக்கேன். அப்பக் கை தட்டுனவன்தான நீ?”

“அது வெளையாட்டு. இது வேற.” பைக் சாவியை விரலில் சுற்றினான். “அடுத்தவன் காலப் பிடிச்சுவிடுறதுக்கா ஒன்னைய வளத்தோம்? நம்ம தாத்தன் பண்ணையார் வீட்டுல அததான செஞ்சுக்கிட்டுக் கெடந்தாரு. அதுல இருந்து வெளிய வர நம்ம அப்பா பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் அண்ணன்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை, இன்னும் மேலே ஏறியது. இத்தனை பெரிய விஷயத்தை அவளிடம் சொல்லாமல், முகம் தெரியாத ஒருவரிடம் போனில் பேசி அவள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறான்.

“டாக்டரு காலத் தொட்டா வைத்தியம், நான் தொட்டா பண்ணை வேலையா?”

“ஊரு அப்படித்தான் பேசும்.”

“ஊரு பேசல. நீ பேசிருக்க. அதுவும் எனக்குத் தெரியாம.”

“சரி, வண்டியில ஏறு. வீட்டுல போயிப் பேசிக்கிருவோம்.”

“வீட்டுக்குப் போகல. நான் தல்லாகுளம் போறேன்.”

வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது சோணைமுத்து ஹெல்மெட்கூடப் போடாமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓரம் கட்டி நின்றான். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

தல்லாகுளத்தில் பலகை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரே கூடம், வரிசையாக மேசைகள். ஒரு பெண் ஒரு பையனின் தொடைத் தசையை அழுத்திக்கொண்டே பக்கத்து மேசையில் இருந்தவளிடம் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பயிற்சி தரும் சூடாமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இங்க எல்லாரும் எல்லாருக்கும் செய்யணும். ஆண், பெண் கணக்குக் கெடையாது. வீட்டுல கேட்டுட்டு வந்தியாம்மா?”

“கேக்கல மேடம். சொல்லிட்டேன்.”

சூடாமணி வாசலைப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து அங்கே நின்றிருந்தான் சோணைமுத்து. “நீங்க?”

“அண்ணன்.”

“ஒங்களுக்கு ஆட்சேபம் இருக்கா?”

அவன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். “இருக்குங்க மேடம்.”

“அப்ப வெளிய ஒக்காருங்க. அதுக்குன்னுதான் பெஞ்சு போட்டிருக்கோம்.”

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெரியவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார். “ஒக்காருங்க தம்பி. நான் போன மாசத்துல இருந்து ஆட்சேபிச்சுக்கிட்டு இருக்கேன். ஃபேன் காத்து நல்லா வரும்.”

சூடாமணி அப்போதே ஒரு மேசையைக் காட்டினார். தமிழ்வாணி கையைக் கழுவி, எண்ணெய் தொட்டு வந்தாள். வாலிபால் ஆடுகிற பையன் ஒருவன் குப்புறப் படுத்தபடி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து, சூடாமணி சொன்னபடி மெல்ல மேலே நகர்த்தினாள். பாதி வழியில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. விரலுக்கு அடியில் அது சட்டென்று இறுகியது.

“ஸ்ஸ்… அங்கதான்க்கா” என்றான் அவன்.

வெளியே ஒரு பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது அண்ணனுடையதா, வேறு யாருடையதா என்று பார்க்க அவள் திரும்பவில்லை. விரலை அங்கேயே வைத்திருந்தாள்.